பதினேழாம் தேதி கொச்சியில்

தென் அட்லாண்டிக் கடல்
8 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி மாரிக்கு,

அக்கா ஜெயசித்ரா எழுதுவது. கப்பல் ஆட்டம் போட்டாலும் நான் சுகமாக இருக்கிறேன். நாளெல்லாம் ஜவுளிக்கடையில் நின்று உனக்கு வந்த முழங்கால் வலி குறைந்ததா? உன் வீட்டுக்காரர், தம்பி வீரணன், வேன் ஓட்டிப் போகிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? மகா உன் பேச்சைக் கேட்கிறாளா?

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கப்பல் கொச்சிக்கு வருகிறது. முதலில் போட்ட திட்டத்தில் துபாய்தான் இருந்தது. நேற்று அதை எடுத்துவிட்டுப் புது நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை, காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை கொச்சி. அதைப் படித்துவிட்டு லாண்டரிக்குள் ஓடினேன். என்னோடு வேலை பார்க்கும் மணிலாக்காரி ரோசலி, என் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் சிரிக்கிறேன் என்று தெரிய அவளுக்குச் செத்த நேரம் ஆனது.

நீங்கள் மூன்று பேரும் வந்துவிடுங்கள். தென்காசி, செங்கோட்டை வழியாக வேனில் ஏழு மணி நேரம். ஜூலைக் கடைசியில் என் பிள்ளை மகாவை உன் கையில் விட்டுவிட்டு வந்தது. ஏழு மாதத்துக்கு மேலாக அவளைப் போனுக்குள்தான் பார்க்கிறேன். பேச ஆரம்பித்தால் 'சாப்பிட்டியா'வோடு அறுந்துபோகிறது. அதனால்தான் இப்படி எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீயும் எழுதியே அனுப்பு.

நூற்றேழு நாள் பயணத்தில் இன்று அறுபதாவது நாள். உலகம் சுற்ற வந்த எல்லோருக்கும் இடுப்பு பெருத்துவிட்டது. என் தையல் மெஷினுக்கு வருவதெல்லாம் பேண்ட்டைப் பிரிப்பதும் கவுனைத் தளர்த்துவதும்தான். ஒரு பெரியவர் ஒரே கோட்டை மூன்றாம் தடவையாகக் கொண்டுவந்து, துணி சுருங்கிக்கொண்டே போகிறது என்று புகார் சொன்னார். ஆமாம், மோசமான துணி என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. வந்ததும் நானும் மகாவும் ராஜபாளையம் வீட்டுக்குப் போய்விடுவோம். அவள் பள்ளிக்கூடத்தில் டி.சி.க்குச் சொல்லிவை. வீட்டையும் ஒருநாள் திறந்து காற்றாட விடு.

உங்கள் மூவர் முகத்தையும் நினைத்துக்கொண்டே முடிக்கிறேன்.

அக்கா
ஜெயசித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 மார்ச் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

மாரீஸ்வரி எழுதுவது. ஆண்டாள் புண்ணியத்தில் இங்கே மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லை. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கடல் காற்று உன் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா?

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தேன். கொச்சி என்று படித்ததும் கையில் இருந்த சேலையை மடிக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். முதலாளி என்னம்மா என்றார். எங்க அக்கா கப்பல்ல வருது என்றேன். அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் சேலையை விட்டுவிட்டு உன் கதையைத்தான் கேட்டார்கள்.

அவர் அன்றைக்கே பதினேழாம் தேதிக்கு வந்திருந்த ஒரு வாடகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேனுக்கு டயர் மாற்ற வேண்டும், மலைப்பாதை என்று இப்போதே பேசுகிறார். மகா காலண்டரில் பதினேழைச் சுற்றிக் கப்பல் வரைந்திருக்கிறாள். புகைக்கூண்டு பெரிதாகி மேலே பத்தாம் தேதி வரைக்கும் போய்விட்டது.

அவள் கபடியில் சேர்ந்ததைச் சொன்னேனா? பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள் அவள்தான். முட்டியில் தோல் இல்லை. தேங்காய் எண்ணெய் போடப் போனால் ஊரைக் கூட்டுகிறாள், ஆனால் மைதானத்தில் அழ மாட்டாளாம். ராத்திரிச் சாப்பாட்டில் மூன்றாவது தோசைக்கு அவளே அடுப்புப் பக்கம் வந்து நிற்கிறாள். வீட்டில் மூன்று தட்டு வைத்துப் பழகிவிட்டது அக்கா.

உனக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
மாரி


ரியோவுக்கு அப்பால், கடல்
19 மார்ச் 2025

அன்பு மாரிக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்குச் சளி எல்லாம் ஓடிப்போனது. இன்றைக்கு மற்ற நல விசாரணை எல்லாம் பிறகு, ஒரு சங்கதி சொல்கிறேன் கேள்.

நான் வேலை செய்வது கப்பலின் வயிற்றுக்குள். ஜன்னல் கிடையாது. மேலே ஒரு தியேட்டர் இருக்கிறது, தினமும் பாட்டும் ஆட்டமும் நடக்கும் என்று தெரியும், எட்டு மாதத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. ரியோவை விட்டுக் கிளம்பிய அன்று கடல் மோசம். சாயங்காலம் லாண்டரிக்குப் போன் வந்தது. ஊசி, நீல நூல் எடுத்துக்கொண்டு ஓடி வா என்றார்கள். எட்டு மாடிப் படி ஏறி ஓடினேன்.

மேடைக்குப் பின்னால் பாட்டுக்காரப் பெண் நீலச் சமிக்கி கவுனில் நிற்கிறாள். முதுகில் ஜிப் மேலிருந்து கீழ்வரை பிய்ந்து வாய் பிளந்து கிடக்கிறது. அங்கே தைக்கிற பெண் கடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டாள். திரை விலக ஏழு நிமிஷம். நான் அந்தப் பெண்ணை நிற்க வைத்து உடம்போடு வைத்தே தைத்தேன். கப்பல் ஒருபக்கம் சாயும், அவள் சாய்வாள், நானும் கூடவே சாய்வேன், ஊசி மட்டும் நேராகப் போகும். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தபோது இசை ஆரம்பித்துவிட்டது.

ஆட்டம் முடிந்து நான்தான் தையலைப் பிரித்து அவளை வெளியே எடுக்க வேண்டும். அதனால் திரை ஓரத்திலேயே என்னை நிற்கச் சொன்னார்கள். மாரி, அந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவேன். எழுநூறு பேர் கை தட்டுகிறார்கள். அவள் பாடிக்கொண்டே திரும்பும்போதெல்லாம் நான் அவள் முதுகை மட்டும்தான் பார்த்தேன். ஒரு நூல் விடவில்லை.

உடைகளுக்கெல்லாம் பொறுப்பான மேடம் ஒருவர் இருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர், அறுபது வயதிருக்கும். பிரித்த தையலைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே படித்தாய் என்று கேட்டார். ராஜபாளையம் என்றேன். அது எந்த ஊரில் இருக்கும் காலேஜ் என்றார். நைட்டி தைக்கிற காலேஜ் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

இப்போது தினமும் இரண்டு மணி நேரம் மேலே கூப்பிடுகிறார்கள்.

டி.சி. விஷயம் நினைவிருக்கட்டும்.

அக்கா
ஜெயா


ஸ்ரீவில்லிபுத்தூர்
30 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே. பதில் எழுதப் பதினோரு நாள் ஆகிவிட்டது. கடையில் பங்குனிக் கூட்டம், மகாவுக்கு முழுப் பரீட்சை நெருங்குகிறது.

கவுன் கதையை மகா மூன்று தடவை வாசித்தாள். அவர் கேட்டுவிட்டு, மதினிக்கு வேன் பிரேக் மாதிரி கை என்றார். அவர் யாரையும் அவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை.

ராஜபாளையம் வீட்டைப் போய்த் திறந்தேன். அடுக்களைச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. கொத்தனாரைக் கேட்டால் மழைக்கு முன்னால் பூச வேண்டும் என்கிறார். அவசரப்பட்டு அதில் குடியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. நீ வந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை லீவு.

கொச்சிக்கு நான் புதுச் சேலை எடுத்துவிட்டேன், கத்திரிப்பூக் கலர்.

தங்கை
மாரி


டர்பன் துறைமுகம்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள மாரி,

இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது, எனக்கு நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் துணை. உங்களுக்கு அங்கே வெயில் எப்படி? சுவர் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாதே, நானும் மகாவும் முன்னறையில் படுத்துக்கொள்வோம்.

ஒரு விஷயம். அந்த மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஜூன் பத்தாம் தேதி புதுக் கப்பல் ஒன்று கிளம்புகிறதாம். அதில் உடை அறைக்கு அவர்தான் பொறுப்பு. லாண்டரி வேண்டாம், என்னோடு மேலே வா, எட்டு மாதம் என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளை இருக்கிறாள் என்றேன். அவர் புரிந்துகொண்டார். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

அந்த அறையை ஒருநாள் எனக்குச் சுற்றிக் காட்டினார். ஒரு சுவர் முழுக்க நூல்கண்டு, சிவப்பில் மட்டும் நாற்பது. ராஜபாளையத்தில் ஒரு சிவப்பை வைத்துக்கொண்டு நான் எத்தனை சிவப்புக்குத் தைத்திருப்பேன். தலையில்லாத பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் எழுதியிருக்கிறது. இறகு வைத்த ஒரு தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன், குழந்தை கனம். வட்டமான ஜன்னல் ஒன்று இருக்கிறது மாரி. அதன் பக்கத்தில்தான் மெஷின். தைத்துக்கொண்டே நிமிர்ந்தால் கடல். அன்றைக்கு அங்கே ஒரு திமிங்கிலம் முதுகைக் காட்டிவிட்டுப் போனது. மேடம் எழுந்துகூடப் பார்க்கவில்லை, அவருக்கு அது காக்கை மாதிரி. அவரது பழைய நோட்டில் முப்பது வருஷ உடைகளின் படங்கள். ஒவ்வொரு தாளையும் திருப்பி எப்படி வெட்டினார்கள், எங்கே மடித்தார்கள் என்று சொன்னார். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. தையல் முழுதும் புரிந்தது.

பன்னிரண்டாம் தேதி பூமத்திய ரேகையைத் தாண்டுகிறோம். அதற்குக் கடல்ராஜா வேஷம் கட்டும் சடங்கு உண்டாம். ராஜாவின் அங்கியை நான் தைக்கிறேன்.

டி.சி. வாங்கிவிட்டாயா?

ஜெயா


ஸ்ரீவில்லிபுத்தூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் மகாலட்சுமி, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கு நீங்கள் நலமா? இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொன்னார்கள். இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

சித்திக்கு எழுத நேரமில்லையாம், அதனால் நான் எழுதுகிறேன். என்னை மாவட்ட டீமுக்கு எடுத்துவிட்டார்கள். பனியன் நம்பர் ஏழு. சேத்தூர் ஸ்கூலோடு ஆடினோம். கடைசி நிமிஷத்தில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தேன், அதில் ஒருத்தி என் காலை விடவே இல்லை, இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்துவிட்டேன். சித்தப்பா வேன் மேல் ஏறி நின்று விசில் அடித்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாளாம், பார்க்கவே இல்லையாம்.

மே மாதம் முழுக்க எங்கள் கிரவுண்டிலேயே கேம்ப். ஜூலையில் மாநிலப் போட்டி.

சித்தி அடுத்த வருஷத்துக்கு யூனிஃபார்ம் துணி எடுத்துவிட்டாள். ராஜபாளையம் ஸ்கூலில் வேறு கலர்தானே சித்தி என்று கேட்டேன். துணியை மடித்து வைத்துவிட்டாள்.

அம்மா, கடல்ராஜா என்பது யார்? கப்பலில் உன் ரூமில் ஜன்னல் உண்டா?

நான் வளர்ந்துவிட்டேன். கொச்சியில் அடையாளம் தெரியாவிட்டால் நம்பர் ஏழைப் பார்.

இப்படிக்கு உன் அன்பு மகள்
மகா


இந்தியப் பெருங்கடல்
12 ஏப்ரல் 2025

அன்பு மாரிக்கும் மகாவுக்கும்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும், நம்பர் ஏழின் முட்டி சீக்கிரம் ஆற வேண்டும்.

இன்று பத்தரை மணிக்குப் பூமியின் மேல்பாதிக்கு வந்துவிட்டோம். நம் பாதிக்கு. தண்ணீரில் கோடு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கப்பல் ஊதியது பாருங்கள், லாண்டரியின் வாளிகள் எல்லாம் அதிர்ந்தன. பழைய பச்சைத் திரையில் நான் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு தலைமைச் சமையல்காரர் கடல்ராஜாவாக வந்தார். மகா, கடல்ராஜா என்றால் கடலுக்குச் சொந்தக்காரர். முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் அவர் முன்னால் மண்டியிட வேண்டும். அவர்கள் தலையில் நூடுல்ஸையும் ஐஸையும் கொட்டிக் குளத்தில் தள்ளுகிறார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர், நான் ஏற்கெனவே பதினொரு தடவை தாண்டியவள், ஆனாலும் என்னைத் தள்ளுங்கள் என்று வரிசையில் நின்றார்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான். எல்லோரும் பெட்டி வாங்குகிறார்கள். மூன்று மாதம் பேசாமல் இருந்தவர்கள் முகவரி வாங்கிக்கொள்கிறார்கள். கப்பல் முழுக்கக் கடைசி வாரப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது.

கொச்சியில் வில்லிங்டன் தீவு, கப்பல் டெர்மினல் வாசல். எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். எனக்கு ஆறு மணி நேரம் வெளியே போக அனுமதி கிடைத்திருக்கிறது. மாரி, நீயும் நானும் செத்த நேரம் தனியாக உட்கார்ந்து பேசவேண்டும்.

மகாவுக்குச் சுடிதார் தைத்துவிட்டேன். அளவு என் மனசில் இருக்கிறது.

ஜெயா


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 ஏப்ரல் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். எங்களுக்குத்தான் தூக்கம் இல்லை.

புது டயர் போட்டாயிற்று. நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, சீரக மிட்டாய், ரோசலிக்கு ஒரு டப்பா பால்கோவா எல்லாம் ஒரு பெட்டியில். மதியத்துக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து எடுத்து வருகிறோம், உனக்குப் பிடித்த மாதிரி அடி பிடிக்க விட்டு. மகா பனியனைத் துவைத்து, தேய்த்து, கதவில் மாட்டியிருக்கிறாள். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவோம்.

என் கத்திரிப்பூச் சேலையும் தயாராக இருக்கிறது. நேரில் பார்ப்போம்.

தங்கை
மாரி


கொழும்புக்குப் போகும் வழியில்
18 ஏப்ரல் 2025

மாரி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

துறைமுகத்தில் எங்களுக்கு இடம் காலியாகத் தாமதம். வெளியே கடலிலேயே நான்கு மணி நேரம் நின்றோம். பயணிகள் எல்லாம் இறங்கி, வரிசையில் நின்று முத்திரை வாங்கி, நான் வாசலுக்கு வரும்போது மணி ஒன்று. மூன்றரைக்குத் திரும்பிவிட வேண்டும். தூரத்திலிருந்தே வேன் தெரிந்தது. அதன் படியில் நம்பர் ஏழு நின்றது. ஓடினேன். என் தோளுக்குக் கீழே இருந்தவள் என் காதுக்கு வந்துவிட்டாள். நான் தைத்த சுடிதார் அவளுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பனியனுக்கு மேலேயே போட்டுக்கொண்டு, சட்டைன்னு வச்சுக்கிடுதேன்மா என்றாள். ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு அளவு தெரியவில்லை.

உன்னைத் தேடினேன். தம்பி உனக்குக் காய்ச்சல் என்றார். மகா கப்பலைப் படம் எடுக்கப் போனதும் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல மதினி. நாளு பூரா சமைச்சா. சேலையும் கட்டிட்டா. வேன்ல ஏறப்போறப்ப நான் வரலன்னுட்டா. அக்காவப் பாத்தா பிள்ளைய என்கிட்டயே விட்டுருன்னு அழுதுருவேன், அவளுக்குத் தாங்காதுன்னா. டி.சி. கேட்டு எழுதுன பேப்பர் ஒரு மாசமா பீரோல சேலைக்கு அடியில கெடக்கு. நானும் கேக்கல. எப்படிக் கேக்க? கல்யாணம் முடிஞ்சு பன்னெண்டு வருசத்துக்குப் பொறவு இப்பத்தான் எங்க வீட்ல ஒரு பிள்ளைச் சத்தம் கேக்கு."

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன். அவரைத் திட்டாதே.

உன் புளியோதரையை மரத்தடியில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். மகா கபடி பேசினாள், பேசினாள், மூச்சு விடாமல் பேசினாள். திடீரென்று நிறுத்திவிட்டு, "அம்மா, நீ இன்னும் கப்பல்ல இருக்கணும்னு நெனைக்கியா?" என்றாள். ஏன் கேட்கிறாய் என்றேன்.

"உன் லெட்டர நாந்தான் போன்ல பெருசு பண்ணி சித்திக்கு வாசிச்சுக் காட்டுதேன். கப்பலப் பத்தி எழுதையில எழுத்து குண்டு குண்டா இருக்கு. வீட்டுக்கு வாரதப் பத்தி எழுதையில நுணுக்கி நுணுக்கி எழுதுத."

கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன். நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டேன். "அத இதுவரைக்கும் யாரும் கேக்கலயே" என்றாள். கேட்டது தப்பில்லை என்று தெரிந்ததும், வில்லிபுத்தூரில்தான் என்றாள். அவள் டீம் அங்கே, தோழிகள் அங்கே, சித்தி அங்கே. இன்னொன்றும் என் காதில் சொன்னாள். அது எனக்கும் அவளுக்கும்.

வலிக்கவில்லை என்றால் பொய். வலித்த அதே நேரத்தில் எனக்கு மூச்சு லேசானது. அந்த லேசுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மேடத்திடம் நான் முடியாது என்று சொல்லவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பயணம் முடிகிற சிங்கப்பூர் வரைக்கும் நேரம் தந்திருக்கிறார். தினமும் காலையில் முடியாது என்று சொல்லத்தான் மாடி ஏறுகிறேன். அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. மகாவின் அப்பா போன பிறகு ஆறு வருஷம் பிள்ளைக்காக மட்டும் தைத்தேன். இந்த ஒரு மாதமாகத்தான் எனக்காகவும் தைக்கிறேன். இதை எந்தத் தாயாவது வெளியே சொல்வாளா? உன்னிடம் சொல்கிறேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. எதுவாக இருந்தாலும்.

ஜெயா


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஏப்ரல் 2025

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நாலு நாளாக எழுதிக் கிழித்தேன், அதனால்தான் தாமதம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ முடியாது என்று சொல்லிவிட்டதாக எழுதினாய். அதை நம்பி, இருபத்து நாலாம் தேதி எனக்கு எல்லாம் முடிந்துவிடும் என்று ஒவ்வொரு நாளாக எண்ணினேன். அந்தப் பதினேழு நாளை எனக்கு நீ திருப்பித் தர முடியாது. நானும் யோக்கியம் இல்லை. தலைமையாசிரியை லீவு இல்லை. நான் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அடுக்களைச் சுவரில் ஈரம் இருப்பது உண்மை, ஆனால் கையகலம்தான்.

நீ மகாவைத் தந்தது ஒன்பது மாதத்துக்கு. பிள்ளை பெறாதவளுக்கு ஒன்பது மாதம் என்றால் என்னவென்று தெரியாது என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. இப்போது தெரியும். முதல் மாதம் அவள் என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தபோது ராத்திரி அம்மா என்று கூப்பிட்டாள். உன்னைத்தான் கூப்பிட்டாள், போனது நான். அதற்குப் பிறகு எனக்கு எந்த ஊருக்கும் போக மனசில்லை.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், உள்ளேயே போனேன். டி.சி. பேப்பரை டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு, எங்க அக்கா சொன்ன அன்னைக்கு இதுக்குக் கையெழுத்துப் போடுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ போடச் சொன்னால் மறுபேச்சு இல்லை. மகாவும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், நானே கூட்டிக்கொண்டு போய் ராஜபாளையத்தில் விடுவேன்.

ஆனால் நீ கேட்டதற்குப் பதில் இது. வராதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போயிட்டு வா என்று சொல்கிறேன் அக்கா. அந்த ஜன்னல் பக்கத்தில் போய் உட்கார். மகாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை உனக்காகச் சொல்கிறேனா எனக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நீயும் பிரிக்காதே.

மாரி


சிங்கப்பூர் துறைமுகம்
24 ஏப்ரல் 2025

என் மாரிக்கு,

சிங்கப்பூர் வந்து சேர்ந்துவிட்டோம். நான் சுகம், உன் முழங்காலை நாளை மறுநாள் நானே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

காலையிலிருந்து பயணிகள் இறங்குகிறார்கள். கோட்டுக்காரப் பெரியவர் லாண்டரி வரைக்கும் தேடி வந்து எனக்குக் கை கொடுத்தார். துணி சுருங்கவில்லை, நான்தான் பெருத்தேன் என்று ஒத்துக்கொண்டார். ரோசலி உன் பால்கோவா டப்பாவைக் கழுவிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு மாடி ஏறினேன். மேடம் நிமிராமல், இன்றைக்கும் யோசிக்கிறேன் என்று சொல்ல வந்தாயா என்றார். வருகிறேன் என்றேன். அவர் எழுந்து நின்று கை குலுக்கினார். ஜூன் பத்து முதல் பிப்ரவரி பத்து வரை. மகாவின் முழுப் பரீட்சைக்கு முன்னால் வந்துவிடுவேன். நான் போட்ட கையெழுத்து கோணிவிட்டது. ஏழு நிமிஷத்தில் கவுன் தைத்தபோதுகூடத் தையல் கோணவில்லை.

டீச்சரிடம் சொல்லி அந்தப் பேப்பரை வாங்கிக் கிழித்துவிடு.

மே மாதம் மகா என்னோடு ராஜபாளையத்தில் இருப்பாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். இதற்கு நீ மனசு கோணக் கூடாது. தினமும் காலையில் பஸ்ஸில் கேம்ப்புக்குக் கூட்டி வருவேன், மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில். அந்த ஒரு மாதத்தில் அவளைச் சரியாக அளவெடுத்துக்கொள்வேன். பிறகு அவள் வளர்வதை நீ மாதாமாதம் இஞ்ச் டேப்பில் பிடித்து எனக்கு எழுத வேண்டும். எழுதும்போது உண்மையை எழுது, நானும் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்கு மதுரை விமான நிலையத்தில் இறங்குகிறேன். மகாவுக்கு மறுநாள் காலையில் பயிற்சி இருந்தால் தூங்கட்டும். தம்பிக்கு வாடகை இருந்தால் ஓட்டட்டும். நீ கத்திரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியாவது வா. அழ வேண்டும் என்றால் வாசலிலேயே நின்று இரண்டு பேரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

உன் அக்கா
ஜெயசித்ரா